சாமான் லாரியும் சண்டமாருதமும்

வீடு மாற்றுவது என்றால் நம் பக்கத்தில் முதலில் தேடுவது பஞ்சாங்கத்தைத்தான். ஆடி கூடாது, மார்கழி கூடாது, செவ்வாய்க்கிழமை கூடாது, ராகு காலம் கூடவே கூடாது. இத்தனை 'கூடாது'களையும் தாண்டி ஒரு நல்ல நாள் அகப்பட்டால் அன்று பால் காய்ச்சிவிட்டு, சாமான்களை மெதுவாகக் கொண்டு போகிறோம். நாலு தெரு தள்ளிப் போவதற்கு இவ்வளவு ஏற்பாடு!

அமெரிக்காவில் குடியிருக்கும் நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சௌகரியம் கிடையாது. பழைய வீட்டின் வாடகை ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடியும். புது ஊரில் வேலை அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை தொடங்கும். இந்த இரண்டு தேதிகள்தான் அவர்களுடைய பஞ்சாங்கம். நடுவில் இருக்கிற நாலைந்து நாளில் மூட்டை கட்டி, தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்ச் சேர வேண்டும்.

மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் பெண்ணும் மாப்பிள்ளையும் நியூ ஜெர்ஸியிலிருந்து கலிபோர்னியாவுக்கு வீடு மாற்றுகிறார்கள். சாமான்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு போகப் போகிறாராம். அவர் ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர். டெலிவிஷனைப் போட்டால் அங்கே பனிப்புயல், இங்கே சுழற்காற்று என்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. இது நடக்கக்கூடிய காரியந்தானா?"

நடக்கக்கூடிய காரியந்தான், அம்மா. வருஷந்தோறும் லட்சக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் வீடு மாற்றுகின்றன. ஆனால் உங்கள் கவலையும் வீண் கவலை அல்ல. எந்த இடத்தில் கவலைப்பட வேண்டும், எந்த இடத்தில் கவலையை விட்டுவிட்டுத் தூங்கலாம் என்பதைப் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

அந்த நாட்டில் ஆளை வைத்துச் சாமான் அனுப்ப ஏகப்பட்ட பணம் ஆகும். ஆகையால் லாரியை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு தாமே ஓட்டிச் செல்கிறார்கள். இந்த வழக்கத்தைப் பெரிதாக வளர்த்தவர்கள் ஒரு தம்பதி. 1945-ல் லியோனார்ட் ஷோன் என்பவரும் அவர் மனைவி அன்னா மேரியும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடக்கே குடிபெயர்ந்தபோது, ஒரு வழியாகப் போய் அங்கேயே விட்டுவிடும்படி சாமான் வண்டி எதுவும் வாடகைக்குக் கிடைக்கவில்லை. காரில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவையே எடுத்துக்கொண்டு போனார்கள். நமக்குள்ள கஷ்டம் மற்றவர்களுக்கும் இருக்குமே என்று யோசித்து, அவர்கள் ஆரம்பித்ததுதான் 'யூ-ஹால்' கம்பெனி.

இன்று கிடைக்கும் வாடகை லாரிகளில் பெரியது 26 அடி நீளம். சாமானுடன் சேர்த்து 26,000 பவுண்டுக்குள், அதாவது சுமார் 11,800 கிலோவுக்குள் இருந்தால், கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸே போதும். இதில்தான் விஷயம் இருக்கிறது. முந்தின நாள் வரையில் சின்னக் கார் ஓட்டியவர், மறுநாள் காலையில் ஒரு சிறு வீட்டையே முதுகில் சுமந்துகொண்டு கிளம்புகிறார். சாவி கையில் வந்துவிடுகிறது. பழக்கம் வருவதற்குள் பாதி தேசம் போய்விடுகிறது!

போகிற பாதையைக் கொஞ்சம் பாருங்கள். நியூ ஜெர்ஸியில் ஆரம்பித்து ஸான் பிரான்ஸிஸ்கோ வரையில் போகும் 80-ம் எண் நெடுஞ்சாலை 11 மாநிலங்களின் வழியாகச் செல்கிறது. நீளம் சுமார் 2,900 மைல். காஷ்மீரத்துச் சாலையில் கிளம்பிக் கன்னியாகுமரி வரை வந்த பிறகு, இன்னும் பல நூறு கிலோ மீட்டர் போவது மாதிரி.

1919-ல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு ஒரு வண்டி வரிசையை அனுப்பிப் பார்த்தது. போய்ச் சேர 62 நாள் ஆயிற்று. சேற்றில் புதைந்த வண்டிகளையும் முறிந்த பாலங்களையும் கண்ணால் பார்த்த ராணுவ அதிகாரிகளில் ஐஸனோவரும் ஒருவர். பின்னால் ஜனாதிபதியான அவர் 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டதன் பலனாகத்தான், 62 நாள் பிரயாணம் இன்று ஐந்தாறு நாளாகச் சுருங்கிவிட்டது. மனிதன் சாலையைத் திருத்தினான். வானத்தைத் திருத்த முடியவில்லை.

இதே 80-ம் எண் சாலை கலிபோர்னியாவுக்குள் நுழைந்ததும் டானர் கணவாய் என்ற மலைப் பாதையின் வழியே போகிறது. 1846-ல் குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டிகளில் மேற்கே குடிபெயர்ந்த கூட்டம் ஒன்றின் பெயர் அது. குறுக்கு வழி என்று யாரோ சொன்ன பாதையை நம்பிப் போனதில் பல வாரங்கள் வீணாயின. மலையை அடைந்தபோது பனி விழத் தொடங்கிவிட்டது. குளிர்காலம் முழுவதும் மாட்டிக்கொண்ட அந்த 87 பேரில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களே உயிர் பிழைத்தார்கள். தாமதம், அதை ஈடுகட்ட அவசரம், அவசரத்தில் ஒரு குறுக்கு வழி. வீடு மாற்றுகிறவர்களுக்கு இன்றும் ஆபத்து இந்த வரிசையில்தான் வருகிறது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். வயோமிங் என்ற மாநிலத்தில் லாரமி, ராலின்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் எல்க் மலை ஓரமாகச் சாலை போகிறது. 1970-ல் அந்தப் பகுதி திறக்கப்படுவதற்கு முன்னாலேயே, சுற்று வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள், "அந்தப் பக்கமாகச் சாலை போடாதீர்கள். அங்கே காற்றும் பனியும் பொல்லாதவை" என்று எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னது சரியாகப் போயிற்று. குளிர்காலத்தில் அந்தச் சாலையை அடிக்கடி மூடிவிடுகிறார்கள். ஊர் எல்லையில் ரெயில்வே கேட் மாதிரியே தடுப்புக் கட்டை உண்டு. மற்ற வண்டிகளை விட்டாலும், உயரமாகவும் பளு குறைவாகவும் உள்ள வண்டிகள் போகக்கூடாது என்று தனியாக அறிவிப்புப் பலகை வைப்பார்கள்.

"எங்கள் லாரி நிறையச் சாமான் ஏற்றியிருக்கிறதே, அது பளு குறைந்த வண்டியா?" என்று மாப்பிள்ளை கேட்கலாம். ஸோபா, மெத்தை, தலையணை, துணிப் பெட்டி, குழந்தையின் தொட்டில் இவையெல்லாம் இடத்தை அடைக்கும், எடை இராது. லாரி நிறைந்திருக்கும், ஆனால் கனத்திருக்காது. 26 அடி நீளப் பெட்டியின் ஒரு பக்கம் ஏறக்குறைய 200 சதுர அடிச் சுவர். மணிக்கு 60 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அந்தச் சுவரை சுமார் ஒரு டன் பளுவுடன் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நாலு மடங்காகும். மொட்டை மாடியில் ஈரப் போர்வையை உலர்த்தப் போய்க் காற்றோடு மல்லுக்கட்டிய எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும்.

ஆகையால் ஏற்றும்போதே யோசிக்க வேண்டும். புஸ்தகப் பெட்டிகள், கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம் போன்ற கனமான சாமான்கள் முதலில் ஏறி, டிரைவர் பக்கத்துச் சுவரை ஒட்டித் தரையோடு இருக்கட்டும். லேசானவை மேலேயும் பின்னாலேயும் போகட்டும். எதுவும் ஆடாமல் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். வளைவில் ஒரு பீரோ சாய்ந்தால் லாரியும் அதன் பேச்சைக் கேட்டுச் சாய்ந்துவிடக் கூடும். ஆளோ நாயோ பூனையோ, உயிருள்ள எதையும் சாமான்களோடு பின்னால் ஏற்றவே கூடாது.

இரண்டாவது, பனி. வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும் பனியைக் கண்டால் யாரும் பயந்து மெதுவாகத்தான் போவார்கள். கண்ணுக்குத் தெரியாத பனிதான் கொல்வது. மழைத் தூறல் தரையில் பட்டதும் உறைந்து, கண்ணாடித் தகடு மாதிரி தாரோடு தாராக ஒட்டிக்கொள்ளும். பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று போவதால், சாலை உறைவதற்கு முன்னால் பாலம் உறைந்துவிடும். 2021 பிப்ரவரி 11-ம் தேதி விடிவதற்கு முன், டெக்ஸாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகரத்து நெடுஞ்சாலையில் இப்படி உறைந்த தரையில் ஒன்றன் மேல் ஒன்றாக 130-க்கு மேற்பட்ட வண்டிகள் மோதிக்கொண்டன. ஆறு பேர் இறந்தார்கள். டெக்ஸாஸ் வெயிலுக்குப் பேர்போன ஊர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரை வழுக்கும் என்று தோன்றினால் வேகத்தைக் குறைப்பதும், முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விடுவதும், பிரேக்கைத் திடீரென்று மிதிக்காமல் இருப்பதும் அவசியம். காலை எடுத்தாலும் ஒரே வேகத்தில் ஓட வைக்கும் 'குரூஸ் கண்ட்ரோல்' என்ற சாதனத்தை மழையிலும் பனியிலும் தொடவே வேண்டாம்.

ஒரு வேளை பனியில் சிக்கிக்கொண்டால்? வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. கொட்டும் பனியில் பத்தடி போனால் திரும்பி வர வழி தெரியாது. பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணியை வண்டியில் கட்டி வைக்கலாம். நம் சிவப்புப் புடவை ஒன்று இதற்கு மிகவும் உபயோகப்படும். என்ஜினை மணிக்குப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடு உண்டாக்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன், புகைக் குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்து விலக்கிவிட்டு, ஜன்னலை விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

பனிக்குப் பயந்து தெற்கு வழியாகப் போகிறவர்களுக்கு வெள்ளமும் புழுதியும் காத்திருக்கின்றன. ஓடுகிற வெள்ளம் ஆறு அங்குலம் இருந்தாலே பெரிய ஆளைக் கீழே தள்ளிவிடும். ஓர் அடி இருந்தால் சிறு கார் மிதந்து போகும். இரண்டு அடி வெள்ளம் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும். அந்த நாட்டில் திடீர் வெள்ளத்தில் இறப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வண்டியோடு வெள்ளத்தில் இறங்கியவர்களே. தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலே இருந்து பார்த்தால் தெரியாது. சாலையை மூடி வெள்ளம் ஓடினால் வந்த வழியே திரும்புவது ஒன்றுதான் புத்திசாலித்தனம்.

அரிஸோனாவில் திடீரென்று மண் சுவர் எழும்பி வருவது போலப் புழுதிப் புயல் வரும். அங்கே அரசாங்கம் சொல்லிக் கொடுக்கும் முறை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்துங்கள். எல்லா விளக்குகளையும் அணையுங்கள். கை பிரேக்கைப் போடுங்கள். கால் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். பெல்ட்டை அவிழ்க்காமல் உட்கார்ந்திருங்கள் என்கிறார்கள். "இருட்டில் விளக்கை அணைப்பதாவது!" என்று ஆச்சரியப்படாதீர்கள். பின்னால் வருகிறவன் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அங்கேதான் சாலை போகிறது என்று நினைத்து உங்கள் மேலேயே வந்து மோதுவான். அதற்காகத்தான்.

கடைசியாகச் சுழற்காற்று. டார்னடோ என்கிறார்களே, அதுதான். வானிலை இலாகா இரண்டு விதமாக அறிவிக்கும். 'வாட்ச்' என்றால் வரக்கூடும், கவனமாக இருங்கள் என்று பொருள். 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது அல்லது வந்துகொண்டே இருக்கிறது. உடனே ஒதுங்குங்கள் என்று பொருள். 2012 முதல் இந்த எச்சரிக்கை அவரவர் கையில் உள்ள டெலிபோனிலேயே கூவுகிறது. சத்தம் எரிச்சலாக இருக்கிறதென்று சிலர் அதை நிறுத்தி வைத்துவிடுகிறார்களாம். அந்தச் சத்தம் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

சுழற்காற்று வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாம் என்று ஒரு நம்பிக்கை வெகுநாள் பரவியிருந்தது. 1991-ல் கன்ஸாஸ் மாநிலத்தில் ஒரு டெலிவிஷன் குழுவினர் அப்படி ஒதுங்கிப் பிழைத்ததைப் படமாகவே எடுத்திருந்தார்கள். அந்தப் படம் ஊரெல்லாம் ஓடியது. அந்தச் சுழல் பலமில்லாதது, அவர்களை நேராகத் தாக்கவும் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. 1999 மே 3-ம் தேதி ஒக்லஹோமாவில் பயங்கரமான சுழற்காற்று வீசியபோது, மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கிய இடத்திலேயே மூன்று பேர் மாண்டார்கள். குறுகிய இடத்தில் காற்று இன்னும் வேகமாகப் பாயும். பறந்து வரும் தகரமும் கட்டையும் அங்கே வந்து மோதும். வழியில் பெட்ரோல் நிலையமோ ஹோட்டலோ இருந்தால் அதன் கீழ்த் தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போக வேண்டும். எதுவும் இல்லையென்றால், சாலையைவிடத் தாழ்வான பள்ளத்தில் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு படுக்க வேண்டும்.

புயலுக்கு ஒதுங்கப் போகும் அவசரத்தில் மறக்கக்கூடிய ஒன்று லாரியின் உயரம். பெரிய லாரி 12 அடிக்கு மேல் நிற்கும். வட கரோலினாவில் டர்ஹாம் என்ற ஊரில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரெயில் பாலம் இருந்தது. 2008 முதல் ஒருவர் அங்கே காமிரா வைத்துப் பார்த்ததில், நூற்றுக்கு மேற்பட்ட லாரிகள் அதில் மோதித் தகர டப்பா மாதிரி கூரை உரிந்து போயின. 2019-ல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அப்புறமும் மோதுகிறவர்கள் மோதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்! லாரியின் உயரத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டீரிங்குக்கு எதிரே ஒட்டி வைப்பது நல்லது.

இவ்வளவையும் படித்துவிட்டு மாம்பலத்து வாசகி இன்னும் அதிகமாகப் பயப்படக் கூடாது. நான் சொன்ன அபாயங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் இருக்கிறது: நின்றுவிடுவது. காற்று மூர்க்கமாக இருந்தால் ஒரு நாள் நின்றுவிட்டால் போதும். பனியும் ஒரு நாள், இரண்டு நாளில் விலகிவிடும். வெள்ளம் வடியும். புழுதி பெரும்பாலும் ஒரு மணிக்குள் அடங்கும். 511 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் பல மாநிலங்களில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். இவ்வளவு சௌகரியங்கள் இருந்தும் மனிதர்கள் ஏன் நிற்காமல் ஓட்டுகிறார்கள்? முதல் திங்கட்கிழமை ஆபீஸில் இருக்க வேண்டும்; லாரியை இன்ன தேதிக்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் கூடுதல் வாடகை; புது வீட்டுச் சாவியை வாங்க வேண்டும். மேகத்தைக் காட்டிலும் காலண்டர்தான் இவர்களை அதிகமாக விரட்டுகிறது.

தொழிலாகச் சரக்கு லாரி ஓட்டுகிறவர்களுக்கு அங்கே சட்டம் இருக்கிறது. பத்து மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. சொந்தச் சாமானை ஏற்றிச் செல்கிற மாப்பிள்ளைக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவருக்குச் சட்டம் போட வேண்டியவர்கள் மனைவியும் மாமியாரும்தான்!

மனைவி செய்ய வேண்டியது, கிளம்பு முன்பே கணக்கில் இரண்டு நாளைச் சேர்த்து வைப்பது. ஐந்து நாள் பிரயாணம் என்றால் ஏழு நாளைக்கு லாரியை எடுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாள் வாடகையும் தங்கும் செலவும் தண்டம் என்று நினைக்க வேண்டாம். முன் ஆசனத்தில் ஒரு பையும் இருக்கட்டும். கம்பளி, தண்ணீர், கைவிளக்கு, தினசரி மருந்துகள், பாஸ்போர்ட்டும் மற்ற தஸ்தாவேஜுகளும், நகைகள், இரண்டு நாளைக்குக் கெடாத ஆகாரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். புளியோதரைக்கும் தேங்காய்ப் பொடிக்கும் வேலை வரும் இடம் இதுதான். இவ்வளவும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், சாலையோரத்தில் ஒரு ராத்திரி நிற்பதற்குத் தைரியம் தானாக வரும். சாலை ஓரத்தில் நட்டிருக்கும் மைல் எண்களையும் அவ்வப்போது கவனித்து வந்தால், 911-க்கு உதவி கேட்கும்போது இருக்குமிடத்தைச் சரியாகச் சொல்ல முடியும்.

ஊரில் இருக்கிற அம்மா என்ன செய்வது? நாம் அன்பினால்தான் மணிக்கொரு தரம் கூப்பிடுகிறோம். "எங்கேம்மா வந்திருக்கீங்க? இன்னும் எவ்வளவு தூரம்? எப்போ போய்ச் சேருவீங்க?" என்று கேட்கிறோம். பெண் பாவம், அம்மா கவலைப்படுவாளே என்று, "இதோ, இன்னிக்கு ராத்திரிக்குள்ளே அந்த ஊர் போயிடுவோம்" என்று வாக்குக் கொடுக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாப்பிள்ளையின் கால் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது.

கேள்வியைச் சற்றே மாற்றிக்கொண்டால் போதும். காலையில் ஒரே ஒரு தரம் கூப்பிட்டு, "இன்னிக்கு எங்கேம்மா தங்கப் போறீங்க? அங்கே வானம் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "மேகமா இருக்கும்மா, யோசிக்கிறோம்" என்று பதில் வந்தால், "யோசிக்கவே வேண்டாம். நில்லுங்கோ. ஆபீஸுக்கு ஒரு நாள் லேட்டானா ஆகட்டும். ஸோபாவும் கட்டிலும் எங்கேயும் ஓடிப் போகாது" என்று சொல்லிவிட்டு, போனை மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லி அவரிடமும் அதையே சொல்லுங்கள். மாமியார் பேச்சைத் தட்டாத மாப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.